நிற்க மாட்டாள் என்று நான் சொன்ன பெண்

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். பிள்ளைகளுக்கு ஆயா. பிறந்தது அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பரளச்சிப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லாத விதவை என்று எழுதிக் கொடுத்ததால் அந்த வேலை கிடைத்தது. வேலையிலிருந்து நின்று பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் பத்து மணி ஆனால் யாரோ கூப்பிடுவது போல எழுந்து நிற்கிறேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திறக்க வராது. வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுவோம், வெளியே தமிழ். இரண்டுமே நன்றாகத் தெரியும். ஆனாலும் ஆள் முன்னால் நின்றால் எந்தப் பேச்சில் தொடங்குவது என்று நினைப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார். என்னோடு சமையல் வேலை பார்த்த அக்காவுக்கு வாய் ஓயாது. அவள் பேசுவாள், நான் வெங்காயம் உரிப்பேன். அப்படியே வருடங்கள் போயின.

அப்படிப்பட்ட என்னிடமும் ஒருவர் கருத்துக் கேட்டார். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை. பெரிய டீச்சர் என்றுதான் ஊரில் சொல்வோம். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஊருக்குள் யார் வீடு எது என்று அவருக்குத் தெரியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பள்ளிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து வைப்பார். எந்தப் பிள்ளை பாதியில் நின்றுவிடும் என்று அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஆயா, இவ வீட்டுல இதுக்கு முன்ன யாரும் படிச்சிருக்காங்களா?"

"இல்ல டீச்சர். அக்கா மூணாப்போட மில்லுக்குப் போயிட்டா."

"அப்பா?"

"குடிப்பாரு. ஆனா புள்ளைய அடிக்க மாட்டாரு."

"அப்ப இவ நிப்பாளா, போயிருவாளா?"

நான் சொல்வேன். அவர் எழுதுவார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், சாப்பாட்டுத் தட்டில்தான். முட்டையைத் தின்னாமல் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளை, வீட்டில் இருக்கும் தம்பி தங்கையை நினைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளை. அது இன்னும் இரண்டு வருடத்தில் அந்தத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும். பருத்தி எடுக்கும் மாதத்தில் தலையில் எண்ணெய் இல்லாமல் ஒரு பிள்ளை வந்தால், அதன் அம்மா விடிகாலையிலேயே பருத்திக் காட்டுக்குப் போகிறாள் என்று பொருள். அவளுக்கு ஒருநாள் உடம்பு முடியாமல் போனால் பிள்ளைதான் போகும். அப்பா ஒரே ஒரு தடவையாவது பள்ளி வாசலில் வந்து நின்றிருந்தால், ஒன்றும் பேசாமல் பீடியை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருந்தால்கூட, அந்தப் பிள்ளை எட்டாவது வரைக்குமாவது போகும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பேசாமல் இருக்கிறவளுக்குப் பார்ப்பதுதானே வேலை.

நான் சொன்னது பெரும்பாலும் நடந்தது. பெரிய டீச்சர் மற்ற டீச்சர்களிடம், "ஆயா சொன்னா சரியா இருக்கும்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

சமையல்கார அக்காதான் கிண்டல் செய்வாள். "என்ன தாயி, இன்னைக்கு எத்தனை புள்ளைக்கு சாதகம் குறிச்ச? எனக்கும் பாத்துச் சொல்லேன், எம் புருசன் இந்த வருசமாச்சும் வீட்டுக்கு ஓடு மாத்துவானா?"

நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. கவனித்தும் நினைத்துப் பார்க்காத ஒன்று என்று சொல்ல வேண்டும். தாளில் பெயர் ஏறிய பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் உட்கார வைக்கவில்லை. இது எப்படியும் பாதியில் நிற்கப் போகிற பிள்ளை, படிக்கிற பிள்ளைக்கு முன்னால் இடம் வேண்டும் என்று தானாகவே நடந்தது. கேள்வி கேட்பது முன்வரிசையோடு நின்றுவிடும். தண்ணீர் எடுக்க, அரிசியில் கல் பொறுக்க, முருங்கைக்கீரை உருவ ஆள் வேண்டும் என்றால் கடைசி வரிசையிலிருந்துதான் அனுப்புவார்கள். அனுப்புகிற இடம் என் சமையல்கூடம்.

சாப்பாடு முடிந்ததும் சமையல்கார அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். பாத்திரமும் நானும்தான் மிச்சம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளிடம் எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்படி வந்த பிள்ளைகளில் ஒருத்திதான் அந்தப் பெண். அவள் குடும்பம் அருப்புக்கோட்டையில் தறி வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்தது. அப்பாவுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற வேலை, அம்மா காட்டு வேலைக்குப் போவாள். ஊரில் என் வீட்டைத் தவிரத் தெலுங்கு பேசுகிற வீடு அது ஒன்றுதான். பள்ளியில் எல்லாப் பிள்ளையும் என்னை ஆயா என்று கூப்பிடும். அவள் மட்டும் பெத்தம்மா என்றாள், பெரியம்மா என்று எங்கள் பேச்சில். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

வகுப்பில் அவள் வாய் திறக்க மாட்டாள். தமிழில் ஒரு வார்த்தை தப்பாக வந்து, பக்கத்துப் பிள்ளைகள் சிரித்ததிலிருந்து அப்படி. டீச்சர் கேட்டால் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மந்தம் என்று நினைத்தார்கள். அவள் மந்தமில்லை என்று அந்தப் பள்ளியில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பருப்பு கட்டி வந்த பழைய பேப்பரை எடுத்துச் சமையல்கூடத்தில் உட்கார்ந்து கடகடவென்று வாசிப்பாள். விபத்து, சினிமா, பருத்தி விலை எல்லாம் வாசிப்பாள். வாசித்துவிட்டு எங்கள் பேச்சில் எனக்குக் கதையாகச் சொல்வாள். இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். நான்காம் வகுப்பில் இருக்கும்போதே ஐந்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டாள்.

இதைப் போய்ப் பெரிய டீச்சரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயம். ஒரு திங்கட்கிழமை பெரிய டீச்சர் சமையல்கூடத்துக்கு வந்தார்.

"ஆயா, டவுன்ல பொம்பளப் புள்ளைகளுக்கு ஆஸ்டலோட ஸ்கூல் இருக்குல்ல, அங்க ஆறாவதுக்கு நம்ம ஸ்கூலுக்கு ஒரு இடம் தாராங்க. பன்னெண்டாவது வரைக்கும் அங்கேயே இருந்து படிக்கலாம். எனக்கு ரெண்டு பேரு மனசுல இருக்கு. ஒண்ணு நம்ம கடைக்காரர் மக. இன்னொண்ணு ஒங்க கூடவே சுத்துமே, அந்தப் புள்ள. பரீட்சைத் தாளைப் பாத்தேன், எழுத்து நல்லாத்தான் இருக்கு. பேசத்தான் மாட்டேங்குது. ஆஸ்டல்ல நின்னு படிப்பாளா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையின் ஏழு வருடத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நின்றார்.

"நிக்க மாட்டா டீச்சர்" என்றேன். "பயந்த புள்ள. ரெண்டு நாள்ல அழுதுட்டு ஓடியாந்துரும்."

"நெசமாவா?"

"ஆமா டீச்சர்."

அழுதுகொண்டு ஓடி வந்தவள் நான். பத்து வயதில் அருப்புக்கோட்டையிலேயே வேறு தெருவில் இருந்த பெரிய பள்ளிக்கு என்னை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். இரண்டே நாள் போனேன். பேர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. என் பயத்தைத்தான் அந்தப் பிள்ளையின் மேல் போட்டுச் சொன்னேன். அது பாதி. மீதிப் பாதி, அவள் போய்விட்டால் மத்தியான நேரத்தில் என்னிடம் பேச ஆள் இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா சமையல்கூட வாசலுக்கு வந்தாள். காட்டு வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். எங்கள் பேச்சில்தான் பேசினாள், தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, ஆஸ்டல்ல ஒரு இடம் வருதாமே. எம் மகளைப் போடச் சொல்லி டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ அப்பாவும் சரின்னுட்டாரு. மகளும் போறேன்னுதான் சொல்றா."

"அவளா? போறேன்னா சொன்னா?"

"அவதான் ராத்திரி பூரா தொணதொணன்னு. தகரப் பெட்டி வேற வாங்கியாச்சு. எனக்குப் பெரிய டீச்சர்ட்டப் பேச வராதுக்கா. நீங்க சொன்னா அவுக கேப்பாகன்னு ஊரே சொல்லுது."

"சொல்றேன்" என்றேன்.

பெயர் எழுதிய தாள் வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போக வேண்டும். எனக்கு மூன்று நாள் இருந்தது. நான் சொன்னது தப்பு என்று ஒரே ஒரு வரி. அன்று பெரிய டீச்சரைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். புதன்கிழமை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே சாம்பாரில் புளியை இரண்டு தடவை கரைத்து ஊற்றிவிட்டேன். வியாழக்கிழமை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அவளும் பார்த்தாள்.

"என்ன ஆயா?"

வாய் திறந்தேன். "உப்பு தீந்துருச்சு டீச்சர்."

அவர் காசு கொடுத்து ஒரு பையனைக் கடைக்கு அனுப்பினார். நான் சமையல்கூடத்துக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் உப்புப் பாக்கெட் வந்தது. சமையல்கார அக்கா உப்பு டப்பாவைத் திறந்து காட்டினாள். வாய் வரைக்கும் உப்பு இருந்தது.

"ஏ, என்ன இது? ஊருக்கே கருவாடு போடப் போறியா?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய டீச்சரின் கைப்பையில் தாள் போய்விட்டது. இடம் கடைக்காரர் மகளுக்கு. அவளும் நல்ல பிள்ளைதான், நன்றாகப் படித்தாள், அவள் மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பெரிய டீச்சர், "ஒங்க மக அந்தப் படிப்பைத் தாங்க மாட்டாம்மா, பக்கத்துலயே போட்டுப் பாருங்க" என்று சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்த அம்மா என்னிடம் வந்து, "நீங்க சொல்லியுங்கூட கேக்கலையேக்கா" என்றாள்.

அந்தப் பெண் அதற்குப் பிறகும் மத்தியானத்தில் வந்தாள். கீரை உருவினாள். பேப்பரை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் யாரைப் பிடித்து வைத்துக்கொள்ள நினைத்தேனோ, அவள் அங்கே இல்லை. கீரை உருவுகிற கை மட்டும்தான் வந்து போனது. ஜூனில் பக்கத்து ஊரான ரெட்டியபட்டிக்குப் பஸ்ஸில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். மூன்று மாதம் போனாள். பிறகு வீட்டில் இருந்தாள், பிறகு காட்டு வேலை, வயது வந்ததும் மில்லு வேனில் ஏறி மில் வேலை. கடைசியில் நான் சொன்னபடிதான் நடந்தது. அந்த வருடமும் பெரிய டீச்சர், "ஆயா அன்னைக்கே சொன்னாங்க" என்றார்.

அடுத்த ஜூனில் அவர் தாளை எடுத்து வைத்தபோது, எனக்குத் தெரியாது டீச்சர் என்றேன். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இந்த ஆடி மாதம், காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று எழுதப் போகிறாளாம். பள்ளியில் ரொம்ப வருடம் இருந்தவள் என்று யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். கேள்வித்தாளில் வரிசையாகக் காரணம் போட்டிருந்தது. வறுமை, தூரம், அப்பா அம்மா படிப்பு, வெளியூர் வேலை, சீக்கிரம் கல்யாணம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் உண்மைதான்.

"பாட்டி, பாதியில நின்ன அக்கா யாராச்சும் இப்ப ஊர்ல இருந்தா கூட்டிட்டுப் போறீங்களா?"

ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவள், நிற்க மாட்டாள் என்று நான் சொன்ன அந்தப் பெண்தான். அவள் கல்யாணமும் உள்ளூரிலேயே நடந்தது. வழியில் பார்த்தால் "நல்லாருக்கீகளா பெத்தம்மா" என்பாள், அவ்வளவுதான். நாங்கள் போனபோது கூலிக்கு மிளகாய் வத்தலைக் குவித்துப் போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பெண் உள்ளே நுழைந்ததும் தொடர்ந்து தும்மினாள்.

"அய்யய்யோ, தள்ளி ஒக்காரும்மா. எங்க மூக்கு செத்துப்போச்சு, எங்களுக்குத் தெரியாது" என்று சிரித்தபடி பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள். எனக்கும் இடம் காட்டினாள்.

"எதனாலக்கா படிப்பை நிறுத்துனீங்க? தூரமா?"

"பஸ்ஸு இருந்துச்சே."

"வீட்டுல கஷ்டமா?"

"கஷ்டம் யாருக்கு இல்ல? எங்கப்பா அனுப்பத்தான் செஞ்சாரு. எனக்குப் படிப்பு வரலம்மா. மண்டையில ஏறாது."

கல்லூரிப் பெண் எழுதிக்கொண்டாள். அவள் மிளகாயைக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"எம் மகளும் என்னைய மாதிரிதான். மூணாப்பு படிக்கா. வாயே தெறக்க மாட்டா. கடைசியிலதான் ஒக்காந்திருப்பா. நாந்தான் போயி டீச்சர்ட்டச் சொல்லிட்டேன், அவளை ஒண்ணும் கேக்காதீங்க, அவளுக்கு வராதுன்னு. பாவம், எல்லார் முன்னாலயும் நின்னு முழிக்கணும்ல?"

நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு வந்துச்சு" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒனக்குப் படிப்பு நல்லா வந்துச்சு. நாலாப்புலயே அஞ்சாப்புப் புஸ்தகத்தை வாசிச்சவ நீ. ஆஸ்டல் இடம் ஒனக்குத்தான் வர இருந்துச்சு. டீச்சர் என்கிட்ட வந்து கேட்டாங்க. நாந்தான் நீ நிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"நீங்களா? எங்கம்மா ஒங்ககிட்ட வந்து சொன்னாங்களே."

"அது மறுநாளு. அதுக்கப்புறமும் நான் போய்ச் சொல்லல."

அவள் கை நின்றது. "ஏன் அப்படிச் சொன்னீக?"

அவள் இதை எங்கள் பேச்சில் கேட்டாள். நானும் அதிலேயே சொன்னேன், பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் புரிந்திருக்காது. நீ போய்விட்டால் என்னிடம் பேச யாரும் இல்லை, அதனால் சொன்னேன் என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த மிளகாயைக் குவியலில் போட்டாள். பிறகு கல்லூரிப் பெண்ணிடம் திரும்பி, "நான் மொதல்ல சொன்னதை அடிச்சிரும்மா" என்றாள். "என்ன எழுதணும்னு எனக்குத் தெரியல. அதை மட்டும் அடிச்சிரு." கல்லூரிப் பெண் அதை அடித்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கல்லூரிப் பெண் தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தாள். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்து, "வாரேன் பாட்டி" என்று ஏறிப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றேன். குழாய்க்கு எதிரில்தான் பள்ளி. அவள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்ற அம்மாக்கள் போல வாசலில் விட்டுவிட்டுத் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மகளோடு வகுப்புக்குள் போனாள். என் முறை வந்து, குடம் நிரம்பி, எனக்குப் பின்னால் இருந்தவளும் பிடித்துப் போன பிறகுதான் வெளியே வந்தாள். உள்ளே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது என் இடத்தில் வேலை செய்கிற ஆயா சொன்னாள், அந்தப் பிள்ளை இப்போது முன்வரிசையில் டீச்சருக்கு எதிரிலேயே உட்காருகிறதாம். இன்னும் வாய் திறக்கவில்லையாம். டீச்சர் தினமும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாராம்.

அவள் நான் இருக்கும் தெரு வழியாக இப்போது வருவதில்லை. சுற்றிக்கொண்டு கோயில் பக்கமாகப் போகிறாள். வழியில் எதிர்ப்பட்டாலும் நல்லாருக்கீகளா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவும் கூடாது. மத்தியானத்தில் வாசல் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். எல்லாக் குரலும் சேர்ந்து வரும். அதில் எது அவள் மகளின் குரல் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பிள்ளையோடு ஒரு தடவைகூடப் பேசியதில்லை.